விடுமுறை வந்தாலே சோர்ந்து போகிறேன், யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். ஒவ்வொரு விடுமுறைக்கும் எனக்கு இதே கதைதான். வீடு நிறைய ஆட்கள், அரட்டை, சிரிப்பு. நான் மட்டும் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு 10 நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். இந்த முறை அப்பாவும் இல்லை. அவர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நள்ளிரவு தாண்டியும் பேச்சு, நடுவில் காபி வேறு. அதிலுள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 7 மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று தெரியும், கிடைப்பதோ 4. சாப்பாட்டை எப்படியோ சமாளித்துவிடுவேன்.

யார் மனமும் நோகாமல் "கொஞ்சம் படுக்கிறேன்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அப்புறம், இழப்புக்குப் பிறகு வந்த முதல் விடுமுறையை எப்படிக் கடந்தீர்கள்? "பாசிட்டிவாக இரு" மட்டும் வேண்டாம், நிறையக் கேட்டாச்சு.