பதில்: கோயில் மதிலுக்குத் தலைக்கு ஐயாயிரம்

எல்லாருக்கும் வணக்கம்.

கோயிலுக்கு மதில் கட்ட நம்ம ஊர்ச் சங்கத்துல தலைக்கு ஐயாயிரம் கேட்டுப் பொருளாளர் மாமா அனுப்பின கணக்கைப் பார்த்தேன். மதில் வேண்டாம்னு சொல்ல வரலை. மார்கழியில ஊருக்குப் போன என் தங்கச்சி ஒரு போட்டோ அனுப்பினா. ஏரி கோடி போறப்ப சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் குதிப்போமே, அந்த வாய்க்கால்ல இடிச்ச செங்கல்லும் உடைஞ்ச ஓடும் கொட்டி மேடாக்கி வெச்சிருக்கு. மேல ஒரு போர்டு: 'மனை விற்பனைக்கு'. யார் மனைன்னு கேட்கலை. தெரியாதவங்க இங்க யாரும் இல்லை.

2024 டிசம்பர் அதுக்குள்ள மறந்துபோச்சா? பெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரிப் பக்கம், ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. மழை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ன வண்டியெல்லாம் திருவண்ணாமலை ரோட்டுல அடிச்சிக்கிட்டுப் போச்சே, அதுல எங்க சித்தப்பா வேனும் ஒண்ணு. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு உள்ளது, அது மட்டும்தான் கட்டியிருந்தார். வெள்ளத்துக்கு அதுல ஒரு பைசா வராதுன்னு அன்னைக்குத்தான் அவருக்கே தெரியும்.

நான் இருக்கிற ஹூஸ்டன்ல 2017-ல ஹார்வி புயல் வந்தது. இங்க சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளம் சேராது, அதைத் தனியா எடுக்கணும். அதுக்குன்னே 1968-லிருந்து அரசாங்கத் திட்டம் ஒண்ணு இருக்கு. அதுல முதல்ல ஊர் சேரணும். வெள்ளம் பாயுற தாழ்வுல இஷ்டத்துக்குக் கட்ட முடியாதபடி ஊர் விதி போட்டாத்தான் குடியிருக்கிறவன் பாலிசி வாங்க முடியும். அதுக்கும் மேல வடிகாலைப் பராமரிச்சு, சனங்களுக்கு எடுத்துச் சொல்லி வேலை பார்க்கிற ஊருக்குப் பிரீமியத்துல 5-லிருந்து 45 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி. பொதுவா எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் செல்லும், மேகத்தைப் பார்த்துட்டு ஓடினா ஆகாது.

நம்ம பக்கம் ஊரா சேர்ற திட்டம் இல்லை. ஆனா 2021 ஏப்ரல்லேர்ந்து வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா'ன்னு ஒரு பாலிசி இருக்கு, அரசு கம்பெனிகள்லயும் கிடைக்கும். வெள்ளம் அதுலயே அடக்கம். வீட்டுச் சாமானுக்கும், வீட்டுக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில 20 சதவீதம், 10 லட்சம் வரைக்கும், தானா சேரும். ஒரு ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத் திண்ணையில உட்கார்ந்து வீடு வீடா எழுதிக் கொடுக்க ரெண்டு பசங்களை வெச்சாப் போதும். ஐயாயிரத்துல ஆயிரத்தை இதுக்கு ஒதுக்குங்க மாமா. வாய்க்காலையும் தோண்டணும்.

- ஓட்டுவீட்டுப் பெரியவன், ஹூஸ்டன்

---

மாப்ள, நல்லாத்தான் எழுதியிருக்கே. வெள்ள நிவாரணம்னு வசூலிச்சதுல அரிசி நாப்பது மூட்டைன்னு கணக்கு, ரசீது முப்பத்தொண்ணுக்குத்தான் இருக்கு. ஒம்போது மூட்டை எந்த வீட்டுல இறங்குச்சு? மூணாவது தடவை கேட்கிறேன். அது தெரிஞ்சப்புறம் இன்சூரன்ஸ் பேசலாம். பயிருக்கு எங்கப்பா ஒரு வருஷம் கட்டினார். எங்க வயல் அழுகிப்போச்சு, ஆனா மேட்டு வயல்காரங்களுக்கு நல்லா விளைஞ்சது. வட்டாரம் மொத்தத்துக்கும் விளைச்சலைச் சராசரி பார்க்கிறாங்களாம், கைக்கு ஒண்ணும் வரலை. அதையும் அந்தத் திண்ணையில சொல்லிட்டு எழுது.

- துபாய்

---

தம்பி, கோடி அடைச்சா முந்தியெல்லாம் தண்டோரா போடுவாங்க, வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட வந்து நிப்பான். கரையிலயே களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கம்மா களியை உருட்டிக் கையில வெச்சா அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில இருக்கு. நம்ம வீட்டுச் சுவத்துக்கு எவனோ வந்து விலை போடணும்னு தலையெழுத்தா?

அந்த மனை பத்திப் பேசினே. வித்தது உங்க பெரியப்பா. பத்திர நகல் எங்கிட்ட இருக்கு.

- சிங்கப்பூர்

---

நகலை அனுப்புங்க சித்தப்பா. பெரியப்பாகிட்ட நானே பேசறேன்.

ஆயிரம் ரூபாய் இப்பவே சங்கக் கணக்குல போட்டுட்டேன், 'மதிலுக்கு அல்ல'ன்னு குறிப்போட. துபாய் மாமா, ரசீது நம்பரை எழுதி வெச்சுக்கங்க.

- ஹூஸ்டன்