கூட்டத்துக்குள் தன்னை வரைந்துகொண்டால் அதற்கு என்ன சொல்?

வணக்கம். ஓவியர் தான் வரையும் கூட்டக் காட்சிக்குள் தன்னையும் வரைந்துகொண்டால் அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில் 'தற்படம்', 'தன்னுருவோவியம்', 'முத்திரையுரு' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. இதில் 'தற்படம்' வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அது செல்ஃபிக்குப் போய்விட்டது, இனித் திரும்பி வராது. 'தன்னுருவோவியம்' நல்ல சொல்தான், ஆனால் அது ஓவியர் தன்னை மட்டும் தனியாக வரைந்துகொள்வதற்கு. நமக்கு வேண்டியது வேறு: ஒரு புராணக் காட்சியை வரையும்போது அந்தக் கூட்டத்தில் ஒருவராகத் தன்னையும் நிறுத்திவிடுவது.

வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் பதினேழாம் நூற்றாண்டுப் பெண் ஓவியர் மிகலினா வோத்தியேயின் 'பாக்கஸின் வெற்றி உலா'வையே எடுத்துக்கொள்வோம். 1659இல் ஆஸ்திரிய இளவரசர் ஆர்ச்டியூக் லெயோபோல்ட் வில்ஹெல்மின் சேகரிப்புப் பட்டியலில் ஏறிய ஓவியம். உயரம் சுமார் 2.7 மீட்டர், அகலம் மூன்றரை மீட்டர். மதுக்கடவுள் பாக்கஸ் தொந்தியும் தொடையுமாகச் சாய்ந்து கிடக்கிறார், ஒருவன் மேலிருந்து திராட்சையை அவர் வாயில் பிழிகிறான். எல்லாரும் போதையில் தம் பாட்டில் இருக்க, வலப்பக்கம் இளஞ்சிவப்பு ஆடை நழுவி ஒரு மார்பு தெரிய நிற்கிற ஒருத்தி மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறாள். அது வோத்தியேதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். (அப்படி முறைத்துக்கொண்டு நின்றும், பின்னாளில் இதை ஆண் ஓவியர்கள் கணக்கில் எழுதினார்கள்!)

'முத்திரையுரு' எனக்கும் முதலில் பிடித்தது. சம்பந்தர் பதிகக் கடைசிப் பாட்டில் தம் பெயரை வைப்பதுபோல, கீர்த்தனையில் முத்திரை வருவதுபோல. ஆனால் ஓவியம், சிற்பம் பேசுகிற இடத்தில் முத்திரை என்றால் கைதான் நினைவுக்கு வரும். அபய முத்திரையும் முத்திரையுருவும் ஒரே பத்தியில் வந்தால் மாணவர் பாடு திண்டாட்டம்.

இத்தாலியர்கள் இதை 'இன் அசிஸ்டென்சா' என்பார்கள், அதாவது உடன் நிற்கிற நிலை. அதனால் என் பரிந்துரை 'உடனுரு'. காட்சிக்குள் நுழைக்கப்பட்ட நிஜ மனிதர் யாராக இருந்தாலும் உடனுரு. ஓவியரே நுழைந்தால் 'தன்னுடனுரு'. இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லி, குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்குவதாக வரைந்த 'ஞானியரின் வணக்க'த்தில் ஃபிளாரன்ஸ் நகரை ஆட்டிவைத்த மெடிச்சி குடும்பத்தார் உடனுருக்கள், வலது ஓரத்தில் நம்மைத் திரும்பிப் பார்ப்பவர் போத்திச்செல்லி என்று கொண்டால் அது தன்னுடனுரு. ஒரே சொல்லில் இரண்டு வேலை முடிகிறது.

ஒரு குறை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். தன்னுடனுருவை 'தன்னுடன் உரு' என்று யாராவது பிரிப்பார்கள். வேண்டுமானால் முதல் முறை வரும்போது 'தன்-உடனுரு' என்று சிறுகோடு போடலாம். 'உடனுறை'யோடு குழம்பும் என்பவர்கள் இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.