அபிடிகோலின் இட்ட பின்பும் ஓயாத பொலிமரேசு: இது பீற்றாவா?

கேள்வி (ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்)

வணக்கம். பழ ஈயின் இளம் முளையங்களைச் சாறாக்கி, அதிலுள்ள டி.என்.ஏ. பொலிமரேசுகளின் (டி.என்.ஏ.யை ஆக்கும் நொதியங்களின்) தொழிற்பாட்டை அளந்து வருகிறேன். இந்நொதியங்களைத் தடுக்கும் அபிடிகோலினைச் சேர்த்தால் அல்பா, டெல்ற்றா, எப்சிலன் ஆகிய மூன்று பொலிமரேசுகளும் அடங்கிவிட வேண்டும். ஆனால் கணிசமான பங்கு அடங்காமல் எஞ்சுகிறது. முலையூட்டிகளில், டி.என்.ஏ.யில் பழுதடைந்த மூலம் (base) நீக்கப்பட்ட இடைவெளியை நிரப்பும் பொலிமரேசு பீற்றாவே அது என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில் 1

எழுத வேண்டாம், தங்கச்சி. பழ ஈயின் பரம்பரை அலகுத் தொகுதி 2000 ஆம் ஆண்டில் வெளியாகிவிட்டது. பீற்றாவுக்குரிய பரம்பரை அலகு அதில் இல்லை. இந்த ஈயின் பீற்றாவைப் பற்றிப் பேசும் பழைய கட்டுரைகளை வாசிக்கும்போது அவை வெளியான ஆண்டையும் பாருங்கள்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் கலவையைத்தான். அபிடிகோலின், டி.என்.ஏ.யின் கட்டுமான அலகுகளில் ஒன்றான டீஒக்சிசிற்றிடீன் முப்பொசுபேற்றுடன் போட்டியிட்டே நொதியத்தைத் தடுக்கிறது என்பதால், அந்த முப்பொசுபேற்று கலவையில் தாராளமாக இருந்தால் நல்ல நிரோதியும் (தடுக்கும் பொருளும்) தோற்றுப்போகும். மேலும், அபிடிகோலின் நீரில் நன்றாகக் கரையாது. டைமெதைல் சல்பொக்சைட்டில் கரைத்துச் சேர்ப்பதோடு, ஒப்பீட்டுக் குழாயிலும் அதே அளவு கரைப்பானை இடுங்கள்.

அதன் பின்பும் எஞ்சினால், இழைமணியின் பொலிமரேசான காமாவை நினையுங்கள். தாய் ஈ முட்டையில் இழைமணிகளை நிறையவே சேர்த்து வைக்கிறது. காமா அபிடிகோலினுக்கு அசையாது, ஆனால் டைடீஒக்சி தைமிடீன் முப்பொசுபேற்றும் என்-எத்தைல்மலெயிமைட்டும் அதைத் தடுக்கும். பீற்றாவோ முன்னதற்கு அடங்கும், பின்னதற்கு அடங்காது.

பதில் 2

இரண்டுக்குமே அடங்காவிட்டால் பற்றீரியாவைத் தேடுங்கள். ஈ. கோலி (E. coli) பற்றீரியாவின் பொலிமரேசு I அபிடிகோலினையோ என்-எத்தைல்மலெயிமைட்டையோ பொருட்படுத்தாது, டைடீஒக்சி வகையையும் எளிதில் ஏற்காது. மதுவப் பசை தடவிய ஏகர்த் தட்டில் சேகரித்த முட்டைகளை வெறும் நீரில் அலசுவது, அதுவும் நமது வெக்கையில், போதவே போதாது. வெளிற்றும் திரவத்தில் வெளிக்கோதை நீக்கி நன்றாகக் கழுவிய பின்பே அரைக்க வேண்டும்.

மாணவி

நன்றி, ஐயா. வெளிற்றும் திரவத்தால் கழுவியே அரைத்தேன். ஆனால் நான்கு முப்பொசுபேற்றுகளும் தலா 100 மைக்ரோமோலர் உள்ளன. கதிரியக்கக் குறியீடு தைமிடீனில் இருக்கிறது.

பதில் 1

அப்படியானால் வசதிதான். குறியீட்டை மாற்றாமல், சிற்றிடீன் வகையை மட்டும் சில மைக்ரோமோலருக்குக் குறைத்து, அபிடிகோலின் உள்ள குழாயையும் இல்லாத குழாயையும் ஒன்றாக ஓட்டுங்கள். எஞ்சும் பங்கு சுருங்கினால் அது அல்பா, டெல்ற்றா, எப்சிலன் கூட்டம். சுருங்காவிட்டால் மற்ற இரு நிரோதிகளையும் தனித்தனியே இட்டு, பெறுபேற்றை இங்கே பதியுங்கள்.