தீம் ரெஸ்டாரன்ட் உங்கள் தெருவுக்கு வந்ததா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தெருமுனை (தொடங்கியவர்)

எங்கள் நகர மையத்தில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த கட்டடத்தை ஒரு பெரிய செயின் தீம் ரெஸ்டாரன்ட் (காடு, பழைய ஊர் என்று ஒரே கருவை வைத்து உள்ளே முழுக்க ஜோடிக்கிற உணவகம்) எடுத்திருக்கிறது. பலகை வைத்த அன்றே குடியிருப்போர் குழுவில் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஒரு கோஷ்டி, "அப்பாடா, இனி சாயங்காலம் ஆள் நடமாட்டம் இருக்கும்" என்கிறது. இன்னொரு கோஷ்டி, "தெருவின் களையே போச்சு" என்கிறது. இத்தனைக்கும் இன்னும் ஷட்டரே திறக்கவில்லை.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். சாப்பாட்டு விமர்சனம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. பக்கத்தில் குடியிருந்தவர்கள், கடை நடத்தியவர்கள், உள்ளே வேலை பார்த்தவர்கள் பேசினால் நன்றாயிருக்கும்.

மாடிவீட்டுக்காரர்

நான் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தது காட்டு தீம். பிளாஸ்டிக் கொடிகள், காதாட்டும் யானை, மூலையில் அருவி. திறந்த அன்று வரிசையில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன், பிடித்தும் இருந்தது. சிக்கல் ராத்திரிதான் தெரிந்தது. அரை மணிக்கு ஒருமுறை உள்ளே விளக்கு மங்கும், மின்னல் வெட்டும், இடி இடிக்கும். சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. எனக்கோ, அந்த இடி சுவர் வழியாக மேலேறி அலமாரிக் கண்ணாடியைக் கிடுகிடுக்க வைக்கும். மழைக்காலத்தில் எது வானத்து இடி, எது கீழ்வீட்டு இடி என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்.

இந்த வித்தை புதிதல்ல. காட்டு தீம் உணவகச் செயினான ரெயின்ஃபாரஸ்ட் கஃபே 1994இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மால் ஆஃப் அமெரிக்காவில் முதல் கடையைத் திறந்தது. செயற்கை மழையும் இடியும்தான் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. ஆனால் அது மால். மாடியில் யாரும் தூங்கவில்லை. மாலுக்கென்று யோசித்ததை வீடுகள் ஒட்டி நிற்கும் தெருவில் அப்படியே கொண்டுவந்து இறக்கினால் தகராறுதான்.

எங்கள் கிளை மேலாளர் நல்ல மனிதர். "சார், சத்தத்தை எல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்தே செட் பண்ணுகிறார்கள், என்னிடம் ஒரு பட்டன்கூட இல்லை" என்று கையை விரித்தார். நகராட்சிக்கு எழுதிக் கொடுத்து, ஆள் வந்து அளந்துவிட்டுப் போன பிறகு, சுவரில் மாட்டியிருந்த பெரிய ஸ்பீக்கரைக் கழற்றித் தரையில் ரப்பர் அடுக்கின் மேல் வைத்தார்கள். அவ்வளவுதான் வேலை. ஒரு மதியத்தில் முடிந்தது. அதற்கு எத்தனை கடிதம்!

மூலைக்கடை

எதிர்ச்சாரியில் சின்ன சாப்பாட்டுக் கடை என்னுடையது. எல்லோரும் என்னிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து நின்றார்கள். வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்றுதான் நானும் பயந்தேன். ஆனால் முதலில் போனது வாடிக்கையாளர் இல்லை, என் சமையல்காரர். கூடுதல் சம்பளம், சீருடை, வார விடுப்பு. நான் எந்த வாயால் தடுப்பது? போகச் சொன்னேன். பாத்திரம் தேய்க்கும் பையனும் பின்னாலேயே போய்விட்டான்.

வாடிக்கையாளர் கதை வேறு மாதிரி. அங்கே இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் கையில் ஒரு பஸ்ஸர் கொடுப்பார்கள், முறை வந்தால் சிவப்பாக மின்னி அதிரும். அந்தப் பஸ்ஸரின் அலை என் கடை வரை எட்டியது. அதனால் காத்திருப்பவர்கள் என் கடையில் வந்து உட்கார்ந்து டீ சொன்னார்கள். நல்லதுதானே என்றால், டீ வந்து இரண்டு வாய் குடிப்பதற்குள் மேசை மேல் அது டர்ரென்று குதிக்கும், எல்லோரும் பாய்ந்து ஓடுவார்கள். பிறகு டீக்கு முன்பணம் வாங்க ஆரம்பித்தேன்.

கூட்டம் கொஞ்ச நாளில் வடிந்தது. சமையல்காரர் திரும்பி வந்தார். "அங்கே சமையலே இல்லண்ணே, பாக்கெட்டைப் பிரித்துச் சூடு பண்ணுவதுதான், கை மறந்துவிடும் போலிருக்கிறது" என்றார். சம்பளத்தை உயர்த்தித்தான் சேர்த்தேன், ஓசியில் இல்லை. பையன் அங்கேயே இருக்கிறான், இப்போது ஷிப்ட் மேற்பார்வையாளர். அதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய தொப்பி

மூலைக்கடை அண்ணா, உங்கள் பையன் மாதிரிதான் நானும். என் முதல் வேலை ஒரு தீம் ரெஸ்டாரன்டில். மேசைக்கு எத்தனை நிமிடத்தில் போக வேண்டும், எந்த வாக்கியத்தில் பேச்சைத் தொடங்க வேண்டும், பிறந்தநாள் என்றால் எப்படிக் கைதட்டிப் பாட வேண்டும், எல்லாம் கையேட்டில் எழுதியிருக்கும். தொப்பி இல்லாமல் தளத்துக்கு வந்தால் திட்டு விழும்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, அங்கே லாபம் தட்டில் மட்டும் இல்லை. வாசலுக்குப் போகும் வழியே டி-ஷர்ட் கடைக்குள்தான் போகும், அப்படித்தான் கட்டுவார்கள். இதைப் பழக்கியது ராக் இசை தீம் உணவகச் செயினான ஹார்ட் ராக் கஃபே. அதுகூடத் திட்டம் போட்டு நடந்ததில்லை. ஓர் உள்ளூர் கால்பந்து அணிக்குப் பெயர் பொறித்துக் கொடுத்த சட்டையில் மிஞ்சியதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க, ஜனம் கேட்டுக் கேட்டு வாங்கியது. அப்புறம் ஊர்ப்பெயர் போட்ட சட்டைக்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் உருவானார்கள்.

உள்ளூர்க்காரர் அந்தச் சட்டையை வாங்கமாட்டார், தன் ஊர்ப் பெயரை நெஞ்சில் போட்டு என்ன செய்வது? அதனால் நிர்வாகத்தின் கண் எப்போதும் பயணிகள் மீதுதான். உள்ளூர்க்காரர் ஒரு தடவை வந்தால் போதும் என்பதே கணக்கு.

இரண்டு பிள்ளைக்காரி

எங்கள் பக்கத்துக் காட்டு தீம் கடையில் சின்னவன் கொரில்லா அசைந்ததும் மேசைக்கடியில் புகுந்துகொண்டான், பெரியவளுக்கு அங்கிருந்து வர மனசில்லை. என் வாக்கு ஆதரவுக்குத்தான். முன்பு அந்தத் தெருவில் இருட்டியபின் நடக்கவே மாட்டேன். இப்போது வெளிச்சம் இருக்கிறது, வாசலில் காவலாள் நிற்கிறார், பிள்ளைகளோடு நடந்துவிட்டு வீடு திரும்புகிறேன். களை போச்சு என்பவர்கள் ராத்திரி அந்தத் தெருவில் நடந்திருக்கிறார்களா?

தெருவாசி

வெளிச்சம் பற்றி அம்மா சொல்வது சரி. எனக்கு எரிச்சல் இந்தக் கடைகளின் சுவர் மேல்தான்.

எங்கள் ஊருக்கு வந்த கடை "பழைய காலத்து ஊர்" தீம். சுவர் முழுக்கத் துருப்பிடித்த பலகை, சைக்கிள் சக்கரம், கறுப்பு வெள்ளைப் படங்கள். இந்த மாதிரிக் கடைகளுக்கு இதற்கென்றே கிடங்கு இருக்கும். அமெரிக்க உணவகச் செயினான கிராக்கர் பேரல் நிறுவனம் டென்னசி மாநிலத்தின் லெபனான் என்ற ஊரில் பழம்பொருள் கிடங்கே வைத்திருக்கிறது. கடைகளின் சுவருக்கு அங்கிருந்துதான் சாமான் போகிறது. அங்கே போவதெல்லாம் உண்மையான பழைய பொருட்கள், அதில் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊர்க் கடையில் மாட்டியிருந்த பெரிய படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் "நமது பழைய கடைத்தெரு" என்று பொறித்திருந்தார்கள். படத்தின் நடுவில் டிராம் ஓடுகிறது. எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் டிராம் ஓடியதில்லை! என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தப் படத்தின் முன்னால் நின்று, ஒவ்வொரு கடையாகத் தேடிப் பார்த்துவிட்டு, "எந்த ஊருப்பா இது?" என்று சர்வரிடமே கேட்டார். நாங்கள் புகார் எழுதினோம். பதிலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தகட்டைக் கழற்றிவிட்டார்கள். படம் இன்றும் தொங்குகிறது, திருகாணி ஓட்டைகளோடு.

1971இல் லண்டனில் திறந்த முதல் ஹார்ட் ராக் கஃபேயில் ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிட்டார் மாட்டினார்கள் என்றால், அவர் அங்கே வந்து உட்கார்ந்தவர். சீக்கிரமே இன்னொரு ராக் கலைஞரான பீட் டவுன்ஷெண்ட் தன்னுடையதும் சளைத்ததல்ல என்று ஒரு கிட்டாரை அனுப்பினார். அந்தச் சுவருக்கு ஒரு கதை இருந்தது. லாரியில் வந்து இறங்கும் சுவருக்கு ஏது?

கணக்குப்பிள்ளை

எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒன்றை மறக்கிறீர்கள்: இந்தக் கடைகள் நிலைக்குமா? சினிமா தீம் உணவகமான பிளானட் ஹாலிவுட் 1991இல் நியூயார்க்கில் தொடங்கியபோது ஸ்டாலோன், புரூஸ் வில்லிஸ், ஸ்வார்ஸ்நெகர் என்று ஹாலிவுட் நடிகர்களின் பெயர்கள் பின்னால் இருந்தன. உலகம் முழுக்கக் கிளை பரப்பி, 1999இல் திவால் மனு, 2001இல் மறுபடியும். சினிமா இயக்குநர் ஸ்பீல்பெர்க் பங்குதாரராக இருந்த நீர்மூழ்கிக் கப்பல் தீம் உணவகம் "டைவ்!" 1994இல் லாஸ் ஏஞ்சலஸில் திறந்து, ஐந்தே ஆண்டில் மூடியது. ஒரு தடவை பார்த்த வேடிக்கையை யார் இரண்டாம் தடவை காசு கொடுத்துப் பார்ப்பது?

மூடியபின் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பகுதியில் எரிமலை தீம் கடை ஒன்று காலி செய்துவிட்டுப் போனது. சிமெண்டில் செய்த பாறைகளை இடிக்கக் கட்டட உரிமையாளருக்கு மனமில்லை, செலவு அதிகம். இப்போது அங்கே மருந்துக் கடை. குகைக்குள் நுழைந்துதான் காய்ச்சல் மாத்திரை வாங்குகிறோம். எரிமலை வாய்க்குக் கீழேதான் பில் போடுகிறார்கள்.

வார்டு மனு

தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 1986இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டு அருகே மெக்டொனால்ட்ஸ் வந்தபோது இத்தாலியரான கார்லோ பெட்ரினியும் கூட்டாளிகளும் பாஸ்தா விநியோகித்துப் போராடினார்கள். கடை திறந்தே விட்டது. அதிலிருந்து, துரித உணவுக்கு எதிராக உள்ளூர்ச் சாப்பாட்டைக் காக்கும் ஸ்லோ ஃபுட் இயக்கம் பிறந்ததுதான் மிச்சம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே அச்சில் வார்த்த செயின் கடைகள், பல வட்டாரக் கடைத்தெருக்களில் பொது விசாரணை நடந்த பிறகுதான் வர முடியும். சில தெருக்களில் அறவே கூடாது. ஆனால் அங்கேயும் நகர மையத்தின் பெரும்பகுதிக்கு இந்த விதி கிடையாது. எனவே "வராதே" என்று மனு போடுவதைவிட "எப்படி வருகிறாய்" என்று கேட்டு மனு போடுங்கள். சமையல் புகைக்குழாய் எந்தச் சந்துப் பக்கம் பார்த்து இருக்கும், சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரும், குப்பை எங்கே நிற்கும், வரிசை யார் கடை வாசலை மறைக்கும். அனுமதி கொடுக்கும் முன்பே கேட்டால் எழுத்தில் பதில் வரும். திறந்தபின் கேட்டால் மாடிவீட்டுக்காரர் கதைதான்.

தெருமுனை

எல்லோருக்கும் நன்றி. வார்டு மனு சொன்ன கேள்விகளை அப்படியே எழுதிக்கொண்டேன். இன்று மதியம் தீம் என்னவென்றும் தெரிந்துவிட்டது: கடற்கொள்ளையர் கப்பல். ஒவ்வொரு மணிக்கும் பீரங்கி வெடிக்குமாம்.

மாடிவீட்டுக்காரர்

ரப்பர். இப்போதே கேளுங்கள்.