அட்லாண்டா புறநகர்: வாடகைக் கம்பெனிகள் வாங்கும் வீடுகள், கூட்டத்துக்கு முன் என்ன செய்யணும்?

கேள்வி:
ஜார்ஜியா, க்வினெட் கவுண்டி. எங்க சப்டிவிஷன்ல (ஒரே திட்டமாக் கட்டின வீட்டுக் குடியிருப்பு) கம்பெனிகள் வீடு வீடா வாங்கி வாடகைக்கு விடுது. ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) கூட்டத்துல, எத்தனை வீட்டை வாடகைக்கு விடலாம்னு ஒரு உச்சவரம்பு கொண்டுவர எண்ணம். எத்தனை வீடு அவங்க கையில இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில் 1:
கவுண்டி வரி மதிப்பீட்டுத் தளத்துல தெருவாரியா உரிமையாளர் பட்டியல் எடுங்க. பேரை வச்சு எண்ணாதீங்க. ஒரே கம்பெனி நாலைஞ்சு எல்எல்சி (தனித்தனியாப் பதிவு செஞ்ச நிறுவனம்) பேர்ல வாங்கியிருக்கும். வரி பில் போற முகவரிப்படி வரிசைப்படுத்தினா குட்டு உடையும். ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்த வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கான வரிச் சலுகை) இல்லாததெல்லாம் கம்பெனி வீடு இல்ல, விண்ணப்பிக்க மறந்தவங்களும் உண்டு.

பதில் 2:
அதைவிட முக்கியம், உங்க ஹெச்ஓஏ ஜார்ஜியாவின் சொத்துரிமையாளர் சங்கச் சட்டத்துக்குள்ள வருதான்னு பாருங்க. வந்தா மூணுல ரெண்டு பங்கு ஓட்டுல விதியைத் திருத்தலாம். வராட்டி, புதுக் கட்டுப்பாட்டுக்கு எழுத்துல சம்மதிக்காத உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. பல இடத்துல சறுக்குறது இங்கதான்.

கணக்கு சிம்பிள்: 100 வீட்டுக்கு 67 ஓட்டு வேணும். கம்பெனி கையில 34 போயிட்டா கதை முடிஞ்சது. கூட்டத்துக்கு வராதவர் ஓட்டும் எதிர் ஓட்டு மாதிரிதான். அதனால சம்மதப் படிவத்தோட வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்குங்க.

பதில் 3:
வாடகைக்காரங்களையும் கூப்பிடுங்க. ஓட்டு கிடையாது, ஆனா ஏசி ரிப்பேருக்கு எத்தனை நாள் இழுத்தடிச்சாங்கன்னு தேதியோட சொல்ல அவங்களாலதான் முடியும். நகராட்சிகிட்ட உதவி கேட்கப் போகும்போது ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரத்தை உதாரணமாக் காட்டலாம்: அங்க துறைமுக ஆணையம் (நகர வளர்ச்சி வேலை பார்க்கிற பொது அமைப்பு) 2021 கடைசியில முதலீட்டுக் கம்பெனிகளை முந்தி 194 வாடகை வீடுகளை வாங்கிச்சு, விலை சுமார் 1.45 கோடி டாலர். குடியிருக்கிறவங்களுக்கே விற்கிறதுதான் திட்டம்.