கொடைக்கு இட்லிப் போட்டி: முதலுதவி தெரிஞ்ச ஆள் வேணும்
அண்ணாச்சிமாரே, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோயில் கொடையில (திருவிழாவுல) பயலுவ இட்லி திங்குற போட்டி வைக்கானுவ. வேண்டாம்னா கேக்க மாட்டேங்கானுவ. 2024 ஓணத்துல பாலக்காட்டுப் பக்கம் இதே மாதிரிப் போட்டியில ஒருத்தர் மூச்சடைச்சு இறந்துட்டாரு.

சட்னி தொடாம வேகமா திணிச்சா இட்லி உருண்டையாகி தொண்டையை அடைச்சிரும். நாலஞ்சு நிமிஷம் தாண்டினா மூளை பாதிக்கும். 108 வாறவரைக்கும் காத்திருக்க முடியாது. பேச்சோ இருமலோ வரலைன்னா குனிய வச்சு, தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல உள்ளங்கை அடிப்பக்கத்தால 5 அடி. அடைச்சது வெளிய வரலையா, பின்னால நின்னு தொப்புளுக்கு மேல முஷ்டி வச்சு உள்ளும் மேலுமா 5 இழுப்பு. மாத்தி மாத்தி செய்யணும். மயங்கிட்டா உடனே நெஞ்சை அழுத்தணும். தண்ணி ஊத்தவே கூடாது (நம்மாளுங்க முதல்ல அதைத்தான் செய்வாங்க).

இதுல பயிற்சி உள்ள ரெண்டு பேரு மேடைப் பக்கத்துலயே நிக்கணும். சக்‌ஷன் மெஷினோட (தொண்டையில உள்ளதை உறிஞ்சி எடுக்குற கருவி) ஆம்புலன்ஸும் வேணும். யாரால முடியும்?