லாடம் கட்ட ஆள் வருகிறார், மட்டக்குதிரை பின்னங்காலைத் தர மறுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி
போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் ஒரு மட்டக்குதிரை வாங்கினோம். பெட்டை. வண்டியில் அருமையாகப் போகிறது, பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாலும் அசையாது. லாடக்காரரைக் கண்டால் மட்டும் மூக்கு விடைத்து நடுங்குகிறது. முன்னங்கால்களை ஒருவழியாகக் கொடுத்துவிடும். பின்னங்காலைத் தொட்டாலே இழுக்கிறது, உதைக்கவும் பார்க்கிறது. சென்ற முறை வந்தவர், மாட்டுக்குச் செய்வதுபோலக் கீழே தள்ளிக் கட்டிவிட்டு லாடம் அடிக்கலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரக் கடைசியில் வேறொருவர் வருகிறார். அதற்குள் எப்படிப் பழக்குவது?

பதில்
ஒத்துக்கொள்ளாதது நல்லது தம்பி. கட்டிச் சாய்த்த குதிரை கடைசிவரை திமிறும். முதுகும் காலும் அடிபடலாம், பயமும் இரட்டிப்பாகும். பழக்குவதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் காலைத் தூக்கினால் அதிகம் இழுக்கிறது?

கேட்டவர்
இடது பின்னங்கால், அண்ணா. வலது பின்னங்காலைத் தூக்கினால் கொஞ்ச நேரம் நிற்கிறது.

பதில்
அப்படியானால் வலது காலைப் பாருங்கள். இடதைத் தூக்கும்போது பின்பக்கப் பாரம் முழுக்க வலதில்தான் இறங்கும். குளம்புச் சுவரில் சூடு இருக்கிறதா, மூட்டு வீங்கியிருக்கிறதா, அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியின் இரு பக்கப் பள்ளத்திலும் கறுப்பாக ஏதாவது கசிந்து நாறுகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் முதல் வேலை கால்நடை மருத்துவர்தான்.

கேட்டவர்
நாறுகிறது. டாக்டர் வந்து அழுகலைச் சுத்தம் செய்து மருந்து போட்டார். லாயத்துத் தரை ஈரமாக இருக்கக் கூடாது என்றார். ஈர வைக்கோலை வாரிவிட்டு உலர்ந்ததைப் பரப்பியிருக்கிறேன். இனிப் பழக்கலாமா?

பதில் (இன்னொருவர்)
டாக்டர் சரி என்றதும் ஆரம்பியுங்கள். தினமும் இரண்டு மூன்று தடவை, கொஞ்ச நேரம் போதும். வால் பக்கம் முகம் வைத்து, உடம்போடு ஒட்டி நில்லுங்கள். எட்டி நின்றால்தான் உதையின் முழு வேகமும் விழும். நேர் பின்னால் போகவே வேண்டாம். முதுகில் வைத்த கையை எடுக்காமல் தொடை, முழங்கால், கணுக்கால் என்று தடவிக்கொண்டே இறக்குங்கள். எந்த இடத்தில் தோல் சிலிர்க்கிறதோ அங்கேயே கையை நிறுத்துங்கள். அது மூச்சை விட்டு, உதட்டைத் தொங்கவிட்டு, தாடையை மென்றதும் கையை எடுங்கள்.

முக்கியமான இடம் இதுதான்: கால் தூக்கியதும், அது இழுப்பதற்கு முன்பே நீங்களாக மெதுவாகக் கீழே வையுங்கள். இழுத்த பிறகு விட்டால், இழுத்தால் விடுவார்கள் என்றுதான் கற்றுக்கொள்ளும். முதலில் ஒரு நொடி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நன்றாக நிற்க ஆரம்பித்ததும் சின்னக் கல்லால் குளம்பில் டொக் டொக் என்று தட்டிக் காட்டுங்கள். சாக்கு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடமாடுங்கள், லாடக்காரர் இடுப்பில் கட்டும் தோலும் புதிதாகத் தெரியாது.

பதில் (லாடம் கட்டுபவர்)
எங்கள் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். மட்டக்குதிரையின் காலைப் பெரிய குதிரைக்குத் தூக்குகிற உயரத்துக்குத் தூக்கினால் இடுப்பு வலிக்கும், இழுக்கத்தான் செய்யும். தாழ்வாக, வயிற்றுக்கு அடியிலேயே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள், நிழலான சமதரையில் நிறுத்துங்கள். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதிக் கால் இழுப்பு ஈயால்தான். வருவதற்கு முன் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு, முன்னால் புல் போட்டு வையுங்கள். கம்பத்தில் இறுகக் கட்டாமல் பழகிய ஆள் ஒருவர் கயிற்றைப் பிடிக்கட்டும், கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. வேலை செய்பவர் நிற்கும் பக்கத்திலேயே அவரும் நிற்க வேண்டும். அப்போது தலையைத் தன் பக்கம் இழுத்தால் பின்பாகம் எதிர்ப்பக்கம் விலகிவிடும்.

முதல் தடவை நான்கு காலையும் முடிக்க வேண்டும் என்றில்லை. எவ்வளவு பழக்கியும் ஆபத்தாகத்தான் இருக்கிறது என்றால் மயக்க ஊசி உண்டு, கால்நடை மருத்துவர் மட்டுமே போட வேண்டும். ஊசி போட்ட குதிரையும் உதைக்கும், அசட்டை வேண்டாம்.

கேட்டவர்
நன்றி அண்ணா. இடது காலை இப்போது அரத்தால் லேசாகத் தேய்க்கும் வரை தருகிறது. இந்தத் தடவை லாடம் இல்லாமல் குளம்பை மட்டும் செதுக்கிவிடலாமா?

பதில் (லாடம் கட்டுபவர்)
மண் பாதையில் மட்டும் ஓட்டினால் தாராளமாக விடலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்குவதைத் தள்ளிப் போடாதீர்கள். தார் ரோட்டில் வண்டி இழுக்கிறது என்றால், அழுகல் ஆறிய பிறகு லாடம் வேண்டும். தனுர்வாத (டெட்டனஸ்) ஊசி போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், ஆணி தவறி உள்ளே ஏறினால் குதிரைக்கு அது உயிர்ப் பிரச்சினை.